சி-13 இருக்கையின் கருத்து

பழைய இந்திப் படங்களை வாங்கி, கீறல் நீக்கி, தமிழில் சப்டைட்டில் போட்டு மறுபடி திரையிடுவதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. வசனத்தைத் தமிழாக்குவது என் வேலை. என் வாய்க்கு அந்த வேலை பொருத்தம் என்று முதலாளி சொல்வார். பாராட்டா, குத்தலா என்று நான் கேட்டதில்லை.

இந்த முறை வந்தது ஒரு சரித்திரக் காதல் படம். ராஜா ஒருவன் தன் ராணிமேல் பைத்தியமாக இருக்கிறான். அவளை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று ஏரி நடுவில் பளிங்கு மாளிகை கட்டிக் குடிவைக்கிறான். பிறகு ஊரிலுள்ள படகுகளை எல்லாம் எரிக்கிறான், தன்னுடைய ஒன்றைத் தவிர. கடைசியில் அந்த ஒன்றையும் ஒளித்து வைத்துவிட்டுப் போருக்குப் போய் அங்கேயே செத்துப்போகிறான். மாளிகைக்குப் போக யாரிடமும் படகு இல்லை. ராணி படித்துறையில் விளக்கோடு நிற்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. அவன் பேசும் காதல் வசனங்களைத் தமிழாக்கி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னோட்டக் காட்சி. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கருத்து அட்டை கொடுப்போம். அதில் இருக்கை எண் அச்சிட்டிருக்கும். பெயர் வேண்டாம், கருத்தும் போன் நம்பரும் போதும். நல்லதாக நாலு வரி எழுதியிருந்தால் போஸ்டரில் போடுவோம். போடுவதற்கு முன் போன் செய்து அனுமதி கேட்போம். கதையைத் தப்பாக எழுதியிருந்தால் அதையும் கேட்டுத் திருத்திக்கொள்வோம். ஒருமுறை படத்தில் இல்லாத பாட்டை ஒருவர் புகழ்ந்து எழுத, அதை அப்படியே போஸ்டரில் போட்டு ஊரே சிரித்தது. அன்றிலிருந்து இது முதலாளியின் சட்டம்.

அந்தக் காட்சிக்கு என் தங்கைக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் நான்தான் பாஸ் கொடுத்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். இருவருக்கும் ஒரே போன், அது எப்போதும் மாப்பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும். அவளிடம் பேச வேண்டும் என்றால் அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அடுப்படி வரை கூடவே வருவார். அவ்வளவு நெருக்கம் என்று நானே நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாஸைக் கொடுக்கும்போது, "ரெண்டு பேரும் மறக்காம கருத்து எழுதுங்க, எல்லா அட்டையையும் நான்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தங்கை அப்போது என்னை ஒருமாதிரி பார்த்தாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படம் ஓடும்போது நான் வாசலில் நின்றேன். மாப்பிள்ளை நடுவில் எழுந்துவந்து அரைமணி நேரம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஏதோ சாமான் ஏற்றுவது பற்றிய பேச்சு. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்.

திங்கட்கிழமை அட்டைகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களிடம் போன் பேசும் பெண்ணுக்குத் தேன்குரல் என்று பட்டப்பெயர். அவள் உரக்க வாசிப்பாள், நான் கணினியில் அடிப்பேன். 'இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று ஒன்று. 'படகை எரித்தவனைக் காதலன் என்கிறீர்களே, மூளை இருக்கிறதா?' என்று இன்னொன்று. இதற்குத்தான் என் ஓட்டு என்றேன். 'யானைகள் பிரமாதம், இருக்கையில் மூட்டைப்பூச்சி' என்று ஒருவர். 'அவன் எரித்தது படகை அல்ல, தன் பயத்தை' என்று ஒருவர். இந்த ஆள் கவிதை எழுதுகிறவன், போன் போட்டால் விடமாட்டான் என்று தேன்குரலை எச்சரித்தேன்.

அடுத்து அவள் வாசித்தது இது: 'ராணி தன் அக்காவுக்குச் செய்தி அனுப்பும் காட்சி மனதைத் தொட்டது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போ, அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது என்று அவள் சொல்வது அருமை. அக்கா வருவாள் என்று நம்பி அவள் நிற்கும் இடத்தில் அழுதுவிட்டேன்.'

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "இந்தம்மா நல்லா தூங்கி எந்திரிச்சிருக்கு. ராணிக்கு ஏது அக்கா? போன் போட்டு என்னன்னு கேளு" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். போன் செய்து திருத்த வேண்டிய அட்டைகளோடு தேன்குரல் அதையும் சொருகினாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அட்டைகளை எண் வாரியாக அடுக்கினேன். சி-13 கைக்கு வந்தது. என் தங்கை பேனாவை அழுத்தி எழுதுவாள், தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் எழுத்து தட்டும். பள்ளிக்கூட நோட்டில் அதற்காக நான் எத்தனையோ தடவை அவள் கையில் கிள்ளியிருக்கிறேன். இந்த அட்டையின் பின்பக்கமும் விரலில் தட்டியது. திருப்பிப் பார்த்தேன். அவள் கையெழுத்து.

அடுத்த அட்டை சி-14. 'ராஜாவின் அன்பு உயர்ந்தது. பெண்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.' இரண்டு அட்டையிலும் ஒரே போன் நம்பர்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். அரைமணி நேரம் வெளியே இருந்த ஆளுக்கு அப்படி ஒரு காட்சி உண்டா இல்லையா என்று தெரியாது. அதை நம்பித்தான் அவள் எழுதியிருக்கிறாள். வேறு எந்த வழியும் இல்லாமல், அக்கா படிப்பாள் என்று அந்த ஓர் அட்டையில் எழுதியிருக்கிறாள்.

தேன்குரலின் மேஜைக்கு ஓடினேன். சி-13க்குப் போன் போட்டாயா என்று கேட்டேன்.

"காலையிலேயே போட்டேனே. ஒரு ஆம்பளைதான் எடுத்தாரு. ரொம்ப மரியாதையான மனுஷன். முழுசா வாசிச்சுக் காட்டினேன். அப்படிக் காட்சியே படத்துல இல்ல சார்னு சொன்னேன். இன்னொரு தடவை வாசிங்கன்னாரு, வாசிச்சேன். சரிம்மா, நான் கேட்டுட்டுச் சொல்றேன்னாரு."

சி-13 யார் என்று நான் சொன்னதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். அந்த நம்பருக்கு மூன்று தடவை போட்டேன். அணைத்து வைத்திருந்தார்கள்.

ஆட்டோவில் இருபது நிமிஷம். வழியிலேயே காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். புகாரை எழுதிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் வெளியே போயிருப்பார்கள், சாயங்காலம் வரை பாருங்கள் என்றார்கள். அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. ஏறிப்போனால் கதவில் புதுப் பூட்டு. கதவுக்கு மேலே இருந்த கண்ணாடியில் பார்த்தேன், பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. அவளாக இருந்தால் அணைக்காமல் போகமாட்டாள். உள்ளேதான் இருக்கிறாளோ என்று கதவை இரண்டு கையாலும் தட்டினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தார்.

"ஒரு மணி நேரம் இருக்கும்மா, பெட்டியோட கிளம்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை போறதா இருந்துச்சாம், அவசரம்னு இன்னைக்கே போறோம்னாரு. எந்த ஊருன்னு சொல்லல. அந்தப் பொண்ணு படியில நின்னு நின்னு தெருவையே பார்த்துச்சு. யாராவது வரணுமாம்மான்னு கேட்டேன். யாரும் இல்லன்னு அவர்தான் பதில் சொன்னாரு."

 அந்தக் கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது போன் அடித்தது. தேன்குரல். அவள் குரலில் இப்போது தேனும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அக்கா, அவர் கூப்பிட்டாரு. வேற நம்பர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், நிக்கல. உங்களைத்தான் கேட்டாரு. வெளிய போயிருக்காங்கன்னேன், சிரிச்சாரு. அட்டையில திருத்தம் எழுதிக்கச் சொன்னாரு."

"என்ன திருத்தம்?"

"அக்கா..."

"வாசி."

"ராணிக்கு அக்கான்னு யாரும் கிடையாது. ராஜா மட்டும்தான்."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அந்தப் புது நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அணைந்திருந்தது. தலைக்கு மேலே கண்ணாடிக்குள் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட என்னிடம் சாவி இல்லை.