படிக்கட்டில் கழன்ற இரண்டு இலக்கங்கள்

கோவில்பட்டியில் ஐம்பது வயது முடிந்தவர்களுக்கு ஆளுக்கொரு எண்ணை வளர்க்கத் தருகிறார்கள். ஆதிமூலத்துக்கு வாய்த்தது ஒரு பகா எண். மூன்று லட்சம் இலக்கங்கள். அடுக்களையில் தொடங்கி இரண்டு அறைகளையும் சுற்றிக்கொண்டு மாடிப்படியின் உச்சிவரை கிடந்தது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது. அந்த வீம்பு அவருக்குப் பிடித்திருந்தது. தினம் ஆயிரம் இலக்கங்களை ஈரத்துணியால் துடைப்பார். ஒரு சுற்று முடியப் பத்து மாதமாகும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது படிக்கட்டில் இரண்டு இலக்கங்கள் கழன்று விழுந்தன. சுண்ணாம்பு அப்பியிருந்ததில் எது முன், எது பின் என்று தெரியவில்லை. பதற்றத்தில் அப்படியே பொருத்திவிட்டார். மாறியிருந்தால் அது வேறு எண், வகுபட்டாலும் வகுபடும். வகுபட்ட எண்ணைப் பிரித்து வேறு வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் அந்தப் படிப்பக்கம் அவர் கண்ணைத் திருப்பவில்லை. கையில் கொடுத்த எதையாவது நான் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறேனா என்று மட்டும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பங்குனியில் வருடாந்தரச் சோதனைக்கு ஜெபமணி வந்தார். தூக்குவாளியில் அந்த வருஷத்துக்கான வகுக்கும் எண் இருந்தது. வழக்கப்படி அதற்கு முதலில் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு அடுக்களையிலிருந்து வகுக்கத் தொடங்கியது.

வர்க்கமூலம்வரை பார்த்தால் போதும் என்றும், அதற்கே தங்கள் இருவர் ஆயுளும் பற்றாது என்றும் ஜெபமணி ஆறுதலாகச் சொன்னார். வகுக்கும் எண் முதல் அறையைக் கடந்தது. இரண்டாவதையும் கடந்தது. படிக்கட்டில் கால் வைத்ததும் ஆதிமூலம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"தம்பி, இதுல ரெண்டை நான் மாத்தி வச்சிருப்பேன். எங்கிட்டருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, ரெண்டு பாகத்தையும் ஒரே தெருவுலயாவது குடுங்க."

ஜெபமணி பேனாவை மூடினார். அடுக்களையிலிருந்து ஆதிமூலத்தின் மனைவி தங்கபுஷ்பம் கரண்டியோடு எட்டிப்பார்த்தாள்.

"ரெண்டுமே ஏழு. சுண்ணாம்பைக் கழுவிவிட்டதே நான்தான். இதுக்கா மூணு மாசமா உங்களுக்குச் சோறு எறங்கல?"

ஆதிமூலம் மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் படியைப் பார்த்தார். இரண்டு ஏழுகளும் பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் இன்னொரு தடவை துடைத்தார்.

உச்சிப்படியில் வகுத்தல் முடிந்தது. மீதி நான்கு. ஜெபமணி கையெழுத்துப் போட்டுத் தூக்குவாளியை மூடிக்கொண்டு கிளம்பினார். மீதியை எடுத்துப்போவது சோதனைக்கு வருபவர்களின் வழக்கமில்லை.

மீதி நால்வரும் கால் கழுவிவிட்டுச் சாப்பிட வந்தார்கள். போன வருஷத்து மீதி ஒன்பது பேரும் சற்று நகர்ந்து இடம்விட்டார்கள்.