பாவு காய்கிற வரைக்கும்

மந்திரி வருகிறார் என்றதும் எங்கள் ஊருக்குத் தார் வந்துவிட்டது. மழைக்காலம் மழைக்காலமாக மனு கொடுத்து அலைந்தபோது வராத தார். அதுவும் எதுவரைக்கும் வந்தது தெரியுமா? இராஜமாணிக்கம் முதலாளியின் புதுக் கல்யாண மண்டபத்து வாசல் வரைக்கும். அதற்கு அடுத்த திருப்பம் எங்கள் பாவடித் தெரு. எங்களுக்குத் தார் இல்லை, சாக்கடை ஓரத்தில் கோலம் மாதிரி பிளீச்சிங் பவுடர் மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். போகிற போக்கில், தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டுவதற்காக நாங்கள் தெரு முனையில் நட்டு வைத்திருந்த கல்லையும் இடைஞ்சல் என்று பிடுங்கித் தூர எறிந்துவிட்டார்கள். கேட்க நாதியில்லாத தெரு என்றால் அப்படித்தான்.

எங்கள் தெருவில் எல்லாம் பட்டுத்தறி. தறிக்குக் கீழே பள்ளம் இருக்கும், அதில் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். மண்டபம் கட்டும்போது முதலாளி, கார் நிறுத்த இடம் போதவில்லை என்று பின்னால் போகிற கால்வாயை மூடிவிட்டார். அன்றிலிருந்து ஒரு மழை பெய்தால் போதும், ஊர்ச் சாக்கடை எங்கள் பள்ளத்துக்குள் வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் பொன்னுசாமிக்கு முழங்காலுக்குக் கீழே சொறி பிடித்து ஆறவே இல்லை. ஆபீசர்கள் வருவார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு செல்போனில் போட்டோ எடுப்பார்கள், மண்டபத்தில் காபி குடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் நெய்த சேலையை விற்று முதலாளி மாடிக்கு மேல் மாடி கட்டுகிறார். நாங்கள் மட்டும் பள்ளத்தை விட்டு ஏறவேயில்லை. இதைச் சொன்னால் ரேணுகாதேவிக்கு வாய் அதிகம் என்பார்கள். ஆமாம், அதிகம்தான்.

எனக்காவது வாய் மட்டும்தான். பக்கத்து வீட்டுத் துர்காவுக்குத் துணிச்சலும் உண்டு. மந்திரி மண்டபம் திறக்க வருகிற அன்றைக்கு மெயின் ரோட்டில் உட்காருவது என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். இந்தத் தடவை வார்டு எலெக்ஷனில் எந்தக் கட்சிக்காரனையும் நம்பாமல் நம்மில் ஒருத்தியை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். என் மனசெல்லாம் அவளோடுதான் இருந்தது. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காரணம் என் மகன் வெற்றிச்செல்வன். போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதி, ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, எல்லாவற்றிலும் தேறிவிட்டான். பாக்கி இருந்தது விசாரணை மட்டும். பையன் மேல் கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும். நான் போனால் அவனும் வருவான், மறியல் கேஸில் அவன் பேர் ஏறினால் எல்லாம் போச்சு. அப்பனுக்குப் பிறகு அவனும் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டியதுதான்.

அவனோ சும்மா இருக்கிற ஆளில்லை. மந்திரி வருகிற அன்று காலையில், துர்கா அக்கா கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில்தான் முதலாளியின் மேனேஜர் போன் பண்ணினான். முதலாளி மகளுடைய முகூர்த்தச் சேலைக்கான பாவு எங்கள் வீட்டில் இருந்தது. விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்ததால் அதைத் தெருவில் நீட்ட முடியவில்லை. இன்றைக்கு வெயில் வந்திருக்கிறது, இன்றைக்கே கஞ்சி போட்டாக வேண்டும் என்றான். எனக்கு அது சாமி கொடுத்த சாக்கு போல இருந்தது. மகனைப் பாவில் நிறுத்திவிட்டால் மறியலுக்குப் போக மாட்டான். தெருவே பார்க்க வேலை செய்கிறவனை யார் என்ன சொல்ல முடியும்?

பாவு நீட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, நடுநடுவே மூங்கில் கால் கொடுத்து, அரிசிக் கஞ்சி தடவுவோம். இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஆட்கள் இரண்டு பக்கமும் நடந்து நடந்து பிரஷ் போட வேண்டும். காய்கிற வரைக்கும் இழுப்பு தளரக் கூடாது. தளர்ந்து மண்ணில் விழுந்தால் அந்தப் பட்டு குப்பைக்குத்தான். அதனால் பாவு நீட்டியிருக்கும்போது எங்கள் தெருவில் வண்டி வராது. பைக்கில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு சந்து வழியாகப் போவான். சாமி ஊர்வலம்கூட காய்கிற வரைக்கும் முனையில் காத்து நிற்கும்.

ஒரு முனையைக் கல்லில் கட்டினோம். இன்னொரு முனைக்குத்தான் கல் இல்லையே, பிடுங்கிவிட்டார்களே. அங்கே அப்பனும் மகனும் கயிற்றைக் கையிலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொழுந்தனாரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் பிரஷ் போட்டார்கள். நானும் என் ஓரகத்தி அமலாவும் கஞ்சி வாளியோடு நடந்துகொண்டிருந்தோம். மெயின் ரோட்டிலிருந்து துர்கா கூட்டத்தின் கோஷம் லேசாகக் கேட்டது. மகன் என் கண் எதிரில் நிற்கிறான் என்ற தைரியத்தில் நானும் வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து கோஷம் போட்டேன்.

வந்தது வினை. மெயின் ரோடு அடைபட்டுப் போனதால் மந்திரியின் கார்களை எங்கள் தெரு வழியாகத் திருப்பிவிட முடிவு பண்ணிவிட்டார்கள். வழியைச் சரி பார்க்க ஒரு வேன் நிறைய போலீஸ் வந்து இறங்கியது. முன்னால் வந்தவர் ரஞ்சித்குமார் என்கிற இளம் எஸ்.ஐ. தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? தெருவை அடைத்து மூங்கில், கயிறு, கூட்டம். அங்கே ஒரு மறியல், இங்கே இன்னொரு மறியல் என்றே நினைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் உடனே எடுக்கச் சொன்னார். ஈரமாக இருக்கிறது, இப்போது தொட முடியாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மந்திரி வருகிற நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு ஈரமா என்று கேட்டார் எஸ்.ஐ. என் மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சார், இது எங்க வேலை, மறியல் இல்லை என்று மரியாதையாகத்தான் சொன்னான். படித்த பையன் எடுத்துப் பேசினாலே தலைவன் என்று அர்த்தம் போலிருக்கிறது. முதல் ஆளாக அவன் தோளில் கை விழுந்தது. அடுத்து அவன் அப்பா. அடுத்து பிரஷ் போட்டவர்கள்.

கயிறு தளர்ந்தது. பாவு தொய்ந்து மண்ணைத் தொடப் போனது. நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன். மகனைப் பிடிக்கவில்லை, கயிற்றைப் பிடித்தேன். பிறந்ததிலிருந்து பழகின கை, அது என்னைக் கேட்டா செய்கிறது? நிமிர்ந்து பார்த்தால் வேன் கதவு மூடுகிறது. கம்பி வழியாக என் பிள்ளை முகம் தெரிகிறது. பின்னாலேயே ஓடிப்போய் வேனுக்குக் குறுக்கே விழலாம் என்று உடம்பு துடிக்கிறது. கயிற்றை விட்டால் அவ்வளவு பட்டும் நாசம். விட முடியாமல் நின்று கதறினேன். இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது.

வேன் போய்விட்டது. எஸ்.ஐ.யும் நாலு போலீசும் நின்றார்கள். அமலா வந்து என்னோடு கயிற்றைப் பிடித்தாள். மந்திரியின் கார் கண்ணமங்கலம் தாண்டிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். எஸ்.ஐ. ஒரு போலீஸ்காரரிடம் கத்தி வாங்கி வரச் சொன்னார். அறுத்துத் தள்ளிவிட்டு வழி பண்ணப் போகிறார்களாம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"அறுங்க சார். இது எங்களுது இல்ல. மண்டபத்து மொதலாளி பொண்ணு முகூர்த்தப் பாவு. அவர ஒரு வார்த்த கேட்டுகினு அறுங்க."

கல்யாணப் பாவை அறுத்தால் அது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அவருக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியும். போலீசிடமிருந்து போன் போன சூட்டோடு மனுஷன் ஓடி வந்தார். மந்திரியை வரவேற்கக் கட்டின பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் மண்டபத்துச் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தார். மண்டபம் கட்டின பிறகு அவர் எங்கள் தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான். கத்தியைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அறுக்கக் கூடாது, அறுத்த பாவில் நெய்த சேலையை என் மகளுக்கு எப்படிக் கட்டுவேன் என்று எஸ்.ஐ.யிடம் கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, சீக்கிரம் காயவைத்துச் சுருட்டிவிடு ரேணுகா என்றார். குரலில் அப்படி ஒரு குழைவு.

"யார் சுருட்டறது மொதலாளி? பொம்பளைங்க நாங்க ரெண்டு பேரு கயித்த புடிச்சிகினு நிக்கிறோம். பிரஷ் போடற ஆளு, சுருட்டற ஆளு எல்லாம் வேன்ல போயிட்டாங்க. அவங்கள ஜல்தியா அனுப்பச் சொல்லுங்க."

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. வானத்தைப் பார்த்தார். நான் விடவில்லை. வாய் அதிகம் என்று பேர் வாங்கினவள், அதை அன்றைக்குப் பயன்படுத்தாமல் வேறு எப்போது பயன்படுத்துவது?

"சும்மா அனுப்பினா பத்தாது. எம் பிள்ள பேரு எந்தக் காகிதத்துலயும் ஏறக் கூடாது. ஏறிச்சின்னு தெரிஞ்சா இந்தக் கயித்த இங்கயே உட்டுடுவேன். உங்க வீட்டுக் கல்யாணம், உங்க மந்திரி. நீங்களே பாத்துக்கங்க."

விடுவேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் நம்பினார். முதலாளி யார் யாருக்கோ போன் போட்டார். எங்கள் சாக்கடைக்காக ஒரு நாளும் பேசாத ஆள், தன் பாவுக்காகக் கைகூப்பாத குறையாகப் பேசினார். அதற்குள் விஷயம் தெரிந்து துர்கா கூட்டம் மெயின் ரோட்டை விட்டு எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. கோஷம் கூடப் போடவில்லை. பாவுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள். மெயின் ரோடு காலியாகிவிட்டது, ஆனால் அதைச் சொல்லித் திருப்புவதற்குள் மந்திரியின் கார்கள் எங்கள் தெரு முனைக்கு வந்து சாக்கடைத் தண்ணீரில் நின்றன. கண்ணாடி இறங்கியது. நாற்றம் தாங்காமல் உடனே ஏறிவிட்டது. துர்கா போய்க் கண்ணாடியைத் தட்டினாள். நாங்கள் தினமும் இதில்தான் காலை விட்டுக்கொண்டு உட்காருகிறோம் என்று அவள் சொன்னதைத் தெருவே கேட்டது. பார்க்கிறேன் என்றாராம் மந்திரி. அவர் பார்ப்பது எனக்குத் தேவையில்லை. என் கண் வேன் வருகிற வழியில்தான் இருந்தது.

வேன் வந்தது. மகன் இறங்கி நேராக வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். கயிறு அறுத்து என் உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பேர் எழுதினார்களா என்று கேட்டேன். ஸ்டேஷன் ரைட்டர் கேஸ் எழுதப் பேனாவை எடுத்தார், அதற்குள் போன் வந்துவிட்டது, எழுதவில்லை என்றான். நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அமலா என் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, எழுந்திரு அக்கா, நாய் பார்க்கிறது என்று கேலி பண்ணினாள். பாவு காய்ந்து, மண் படாமல் சுருண்டது. மந்திரியின் கார்கள் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே போயின.

ஆனாலும் பயம் விடவில்லை. இன்றைக்குப் பாவு இருந்தது, முதலாளி பேசினார். நாளைக்கு யார் பேசுவார்கள்? ராத்திரி படுத்தால் இதே யோசனை. ஒதுங்கி நின்றால் விட்டுவிடுவார்கள் என்றுதானே பிள்ளையைப் பாவில் நிறுத்தினேன்? ஒதுங்கி நின்றவனைத்தானே முதலில் பிடித்தார்கள்? அந்த வாரமே துர்காவிடம் போனேன். வார்டுக்கு நீ நில், வீடு வீடாக நான் வருகிறேன் என்றேன்.

கொஞ்ச நாளில் மகனுடைய போலீஸ் வேலை விசாரணைக்கு வந்தது அதே ரஞ்சித்குமார். வாசலில் அவரைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டேன். நாற்காலி போட்டேன், காபி கொடுத்தேன். மகன் விறைப்பாக நின்றான். பையன் ஏதாவது கட்சியில், போராட்டத்தில் இருக்கிறானா என்று எஸ்.ஐ. கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு வீடு தள்ளி என்னைப் பற்றி எவனாவது சொல்லி, மறைத்துவிட்டார்கள் என்று ஆகிவிட்டால்?

"எம் பிள்ள எதுலயும் இல்ல சார். நான் இருக்கறேன். துர்கா கூட தெருத் தெருவா போய்கினுதான் இருக்கறேன். சாக்கடை போற வரைக்கும் போவேன். எழுதணும்னா எம் பேர எழுதிக்கோங்க."

மகன் கண்ணை மூடிக்கொண்டான். எஸ்.ஐ. காபி டம்ளரைக் கீழே வைத்தார். தறிப்பள்ளத்தில் அன்றைக்கும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதை எட்டிப் பார்த்தார்.

"உங்களப் பத்தி என்கிட்ட யாரும் கேக்கலம்மா" என்றார்.

வழக்கு எதுவும் இல்லை என்று எழுதி, எங்கள் கண் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கள் வாசல் தண்ணீரில் இறங்கி நடந்து போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். மறைந்ததும் என் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வீடே அதிரும்படி அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, துர்கா காத்திருப்பாளே என்று கிளம்பினேன்.