ஒரு படி, ஒரு வசவு

மழை விட்டிருந்தது. ஈர வெயில் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படி. இன்னொரு படி. அப்புறம் வாசல்.

வெயில் இறங்கும். நம்பிராஜன் இறங்க மாட்டார். குளியலறையில் வழுக்கி விழுந்து ஏழு மாதம். அன்றிலிருந்து அந்த ஹவுசிங் போர்டு வீட்டின் நிலைப்படியே அவருக்கு எல்லை. ரஸ்க்கும் கடுங்காப்பியும் சாப்பாடு. பேச்சுத்துணைக்கு மின்விசிறி.

அன்றைக்குத்தான் போன் வந்தது. செத்துப்போன தங்கையின் புருஷன், குற்றாலிங்கம்.

"ஆவுடைச்செல்விக்குக் கல்யாணம் அத்தான், அடுத்த மாசம். நீங்க சிரமப்படாதிய. வீட்ல இருந்தே வீடியோல பாத்து ஆசீர்வாதம் பண்ணுங்க. மாமன் ஸ்தானத்துக்கு எங்க சித்தப்பா மகன நிக்க வச்சுக்கிடுதோம். மேடையில நீங்க விழுந்து வச்சா சகுனம் பாருங்க..."

அடப் பாவி! தாயில்லாத பிள்ளை. அவளை மணமேடைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக அம்மா வழியில் இருப்பது இந்த ஒரே ஒரு தாய்மாமன். அந்தக் கையையும் தட்டிவிட்டுச் சகுனம் பேசுகிறான்.

நம்பிராஜனுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

கீழே வண்டி நிறுத்தும் கொட்டகையில் தினமும் காலையில் பதினோரு கிழடுகள் குதிகால் தூக்கி நிற்கும். ஓய்வுபெற்ற நர்ஸ் சேசம்மாள் நடத்துகிற உடற்பயிற்சிக் கூட்டம். ஐந்து மாதமாக இவரையும் கூப்பிட்டுப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டவர் இவர்தான்.

மறுநாள் அவரே ஜன்னலில் நின்று கத்தினார்.

"எம்மா சேசம்மா! ஒரு மாசத்துல என்ன நடக்க வச்சிருவியா?"

"எதுக்கு அண்ணாச்சி இந்த அவசரம்?"

"ஒருத்தன் மூஞ்சில கரியப் பூசணும்."

"அப்பச் சீக்கிரமே நடந்துருவிய" என்று சிரித்தாள். பதினோரு பேரும் மூச்சு வாங்க வாங்க மேலே ஏறி வந்தார்கள்.

ஒரு படி, ஒரு வசவு. குற்றாலிங்கம் நாசமாய்ப் போக. இன்னொரு படி. அவன் சித்தப்பா மகனும் நாசமாய்ப் போக. கூட்டத்தில் ஒருவரான காசிம் பாய் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாரோ அவித்த முட்டை கொண்டுவந்தார்கள். யாரோ சுண்டல்.

மழை பெய்தது. வெயில் அடித்தது. தொடை நடுங்கியது. கோபம் மட்டும் ஒருநாளும் ஓயவில்லை. சும்மா சொல்லக் கூடாது, எந்த டானிக்கும் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் மண்ணில் கால் வைத்தார். அழுதுவிட்டார். அழுதுகொண்டே இன்னொரு தடவை திட்டினார்.

முகூர்த்த நாள். மண்டப வாசலில் நம்பிராஜன், கையில் மாலையோடு. பின்னால் சீர்த்தட்டு ஏந்திப் பதினோரு பேர்.

குற்றாலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. "யாரு அத்தான் இவங்கள்லாம்?"

"பொண்ணுக்கு அம்மா வழிச் சொந்தம்."

மணமகள் அறை வாசலிலேயே ஆவுடைச்செல்வி அவரைக் கட்டிக்கொண்டாள். "மாமா, நீங்க வரவே மாட்டேன்னு சொல்லிட்டியன்னு அப்பா சொன்னாவளே!"

சபை முழுக்கக் கேட்டது. சனமெல்லாம் குற்றாலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அவன் மேடை ஓரத்தில் நின்றான், போக இடமில்லாமல்.

நம்பிராஜன் மாலையைப் போட்டு அவள் கையைப் பிடித்தார்.

"நேரமாகுது, சீக்கிரம்!" என்று புரோகிதர் கத்தினார். கத்தட்டும்.

நம்பிராஜனால் இப்போது வேகமாகவே நடக்க முடியும். நடக்கவில்லை. ஓரடி வைத்தார். நின்றார். அடுத்த அடி. மண்டபம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு நேரம் குற்றாலிங்கத்தை எல்லார் கண்ணுக்கும் முன்னால் நிற்க வைத்தார்.