ரோஜாவின் புள்ளிப் புத்தகம்

அந்தப் புத்தகத்தை ரோஜாவிடமிருந்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள்.

ரோஜா ஆமத்தூர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே ஊர் ஊராகப் பஸ் ஏறும் டீச்சர் நான். கேப்பைத் தானியமும் பட்டனும் ஒட்டிய அட்டைகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். புள்ளிகளைத் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் புத்தகம் என்று உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. மதுரையில் கெஞ்சி வாங்கியது. அதில் ரோஜா எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். அரையாண்டுப் பரீட்சைக்குள் வாசிக்காவிட்டால் மதுரை விடுதிக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று ஹெச்.எம். அய்யாதுரை கறாராகச் சொல்லியிருந்தார். பட்டாசு ஆலைக்குப் போகும் அவள் அம்மா சண்முகத்தாய்க்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் ரத்தினசாமி அப்போதுதான் வந்தார். "மாவட்டத்துல இருக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிச்சுத் தாரேன் டீச்சர். மாதிரிக்கு ஒண்ணு குடுங்க."

"புள்ளி கையில தட்டுப்படணும் முதலாளி," என்றேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?"

அவர்களுக்கு அச்சில் தெரியாததா என்று நானும் நம்பி, ரோஜாவிடமிருந்து வாங்கிய புத்தகத்தைக் கொடுத்தேன்.

அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் முடிந்த கையோடு பள்ளியில் விழா வைத்தார்கள். ஷாமியானா, மைக், மாலை, எல்லாம். புதுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் கலர். புள்ளிகள் ஒன்றுவிடாமல் இருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல்கூடப் போட்டிருந்தார்கள், மேடாகத் தெரிய வேண்டுமாம். விரலை வைத்தேன். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையைப் பார்த்து நடந்தேன்.

நான் மேடைக்குப் போவதற்குள் ரோஜாவின் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்துப் போட்டோவுக்கு நிறுத்திவிட்டார்கள்.

"படி தாயி," என்றார் ரத்தினசாமி.

அவள் விரல்கள் மேலும் கீழும் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. அய்யாதுரை குனிந்து, "தெரிஞ்சத ஒப்பிச்சிரு," என்று கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. பிள்ளை பயந்துபோய் ஒப்பித்தாள். அம்மா. ஆடு. இலை. எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

"எங்க பழைய புத்தகம் எங்க?" என்று கேட்டேன்.

அச்சக மேனேஜர் செல்லச்சாமி பையிலிருந்து பதவிசாக எடுத்து நீட்டினார். "ஒரே மேடு பள்ளமா இருந்துச்சு டீச்சர். ஸ்கேனர்ல சரியா உக்காரல. அதான் பைண்டிங்கப் பிரிச்சு, லேமினேஷன் ரோலர்ல விட்டு நேராக்கிட்டோம். இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

நான் நன்றி சொல்வேன் என்று அந்த மனுஷன் சிரித்துக்கொண்டு நின்றார். காகிதம் மேடு தட்டியிருந்தால் ரோலரில் விட்டு நேராக்குவது அவர்கள் தினமும் செய்கிற வேலை. யாருக்காக, எதற்காக என்று ஒருவராவது ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா?

"அந்த மேட்டைத்தான்யா அந்தப் பிள்ளை படிச்சுச்சு," என்று கத்தினேன்.

"கோவப்படாதீக டீச்சர்," என்றார் ரத்தினசாமி. "ஓசியிலதான செஞ்சு குடுத்திருக்கோம்."

தன் புத்தகம் வந்துவிட்டது என்று கேட்டதும் ரோஜா கைகளை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வாங்கித் தரையில் வைத்துத் தடவினாள். அடுத்த பக்கத்தைத் தடவினாள். விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தடவினாள்.

"டீச்சர், என் விரலுக்கும் பார்வ போயிருச்சா?"

விழாவுக்கு வந்திருந்த சண்முகத்தாய் ரத்தினசாமியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்ல தாயி. உன் விரலு நல்லாத்தான் இருக்கு," என்றேன். அவள் நம்பவில்லை. புதுப் புத்தகத்தையும் இழுத்து அட்டை முழுக்கத் தேடினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கன இருக்கு டீச்சர்."

குனிந்து பார்த்தேன். தங்க நிறத்தில், நகம் தட்டும் அளவுக்கு எழும்பிய எழுத்துகள். ஆக, எழுப்பத் தெரியாமல் இல்லை. ஆனால் அவை புள்ளிகள் அல்ல, நாம் கண்ணால் படிக்கும் எழுத்துகள். ரோஜாவுக்குப் பிடிபடவில்லை.

"என்ன எளுதியிருக்கு டீச்சர்?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து வாசித்தேன்.

"அன்பளிப்பு: ரத்தினசாமி."