வாத்தியார் வேணும்

எனக்குப் பொறுமை கிடையாது. சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் என் பிழைப்பே பொறுமைதான். கிழக்குத் தாம்பரத்தில் ஸ்பீச் தெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களும் திக்குகிறவர்களும் வருவார்கள். வார்த்தை பாதியில் நின்றால் போதும், மீதியை நானே சொல்லிவிடுவேன். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமாகிப் பத்து வருஷம் வரை என் கணவர் ஃபிரெடி ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடித்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் ஏசுதாசன் வந்தார். கீழ்க்கட்டளையில் எங்கள் சபையின் ஜெபவீட்டுக்குப் புதிதாக வந்த உபதேசியார், என்னைவிட நாலு வயது சின்னவர். பிரசங்கத்தில் திக்குகிறார் என்று கமிட்டிக்காரர்கள் அவரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் அவர் "ப… ப…" என்று நிற்க, "பரலோகம்?" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சிரித்தார். "இல்ல சிஸ்டர், ப-பனங்கிழங்கு. வர்ற வழியில வாங்கினேன். அந்த வார்த்தை எ-என்னோடது. நானே சொல்லிக்கிறேனே."

மூன்றாவது வாரம் அவர் என்னிடம் வருவதை நிறுத்திவிட்டார். நான் அவரிடம் போகத் தொடங்கினேன். ஞாயிறு சாயங்காலம் அவர் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் ஜெபவீட்டில் நாற்பது பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்படி அவர் எங்களைப் பழக்கியிருந்தார். நான் உண்மையாக ஜெபம் பண்ணப் பழகியது அந்த இடைவெளிகளில்தான். வீட்டில் ஃபிரெடியையும் பேசி முடிக்கவிட்டேன். நான் நினைத்த மாதிரி ஒரு வாக்கியமும் முடியவில்லை. சிலது என்னைப் பற்றிய நல்ல வார்த்தையாக இருந்தது. இத்தனை வருஷம் அதையெல்லாம் பாதியிலேயே வெட்டியிருக்கிறேன், பாவி.

எங்கள் சபையில் தென்மாவட்டத்துக்காரர்கள் அதிகம். உபதேசியாரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். வினையே அங்கேதான் வந்தது.

மேடவாக்கத்தில் வைத்தீஸ்வரன் சார் என்று ஒரு பேஷண்ட். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து நாலு மாதம். நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில் சொல்ல வார்த்தை வராது. வாரம் மூன்று நாள் அவர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தேன். 'ம்', 'இல்ல', 'சாவி' என்ற மூன்றோடு சரி. சாவி என்றால் அவர் மனைவி சாவித்ரி மாமி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமி தண்ணி லாரிக்காரனோடு சண்டை போடக் கீழே போயிருந்தார். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வா… வாத்…" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வெகு நேரம் கழித்து, "வாத்தியார்" என்றார்.

"வாத்தியார் வேணுமா சார்?"

"ம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு உற்சாகம் வரட்டும் என்று எங்கள் வாத்தியாரைப் பற்றி நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. மாமியிடம்கூடச் சொல்லாமல், மறுநாள் மாலை ஏசுதாசனைக் கூட்டிக்கொண்டு போய் மணியை அடித்தேன்.

"சார் வாத்தியார் வேணும்னு கேட்டார் மாமி. இவர்தான்."

ஏசுதாசன் கழுத்திலிருந்த சிலுவையை மாமி பார்த்தார். முகம் இறுகியது. பிறகு என்ன புரிந்ததோ, செருப்பு வைக்கும் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்காத்துல வாத்தியார்னா திவசம் பண்ணி வைக்கறவர், ஹெப்சி. வெள்ளிக்கிழமை எங்காத்துக்காரரோட அப்பாவுக்குத் திவசம். நாப்பது வருஷமா ஒரு தடவைகூட விட்டதில்லை. இந்த வருஷம் வர வேண்டாம்னு வாத்தியார்கிட்ட நான்தான் சொல்லிட்டேன். அப்பா பேர், தாத்தா பேர் எல்லாம் இவர் வாயால சொல்லணும். வார்த்தை வராம, எல்லார் முன்னாடியும் உடைஞ்சு போனார்னா? என்னால பார்க்க முடியாதும்மா."

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மதம் மாற்ற ஆள் கூட்டி வந்தாள் என்று யாராவது அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் போட்டால் என் பிழைப்பு அம்பேல். அதைவிட, அந்த மனுஷர் நாலு மாதத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டார், அதை நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். அதுதான் வலித்தது.

"ஒ-ஒரு நிமிஷம் சாரைப் பார்க்கலாமாம்மா?" என்றார் ஏசுதாசன். மாமி தலையசைத்தார்.

அவர் சார் எதிரே உட்கார்ந்தார். "சார், நா-நான் அந்த வா… வா… வா… வாத்தியார் இல்ல."

சார் அவர் வாயையே பார்த்தார். பிறகு சிரித்தார். பரிகாசமாக இல்லை, சொந்தக்காரரைக் கண்டவர் போல.

"அ-அப்பா பேர் என்ன சார்?"

ராமசேஷன் என்பது என் ஃபைலிலேயே இருந்தது. முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் தப்பில்லை. ஆனால் ஏசுதாசன் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே அன்றைக்கு வந்த தண்ணி லாரி தண்ணீர் இறக்கி முடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. கடைசியில் சார், "அப்பா" என்றார். அவ்வளவுதான். உதடு கோணி அழுதார்.

ஏசுதாசன் ஆறுதலும் சொல்லவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தார். "ச-சரி சார். அப்பா வந்துட்டார். பேர் மெதுவா வ-வரட்டும்" என்று எழுந்தார்.

மாமி கதவு வரைக்கும் கூட வந்தார். "எங்காத்து வாத்தியாரை வரச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு என் கிளினிக்குக்குப் போன் வந்தது. திவசத்தன்று வெளி ஆள் அந்த வீட்டுக்குப் போவதில்லை. "பேசாதே, கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமி போனை எங்கோ பக்கத்தில் வைத்தார். மந்திரம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கோத்திரம் முடிந்ததும், பழகிய வீடுதானே, வாத்தியார் தாமாகவே "ராம…" என்று ஆரம்பித்தார்.

"இருங்கோ," என்றது மாமியின் குரல். "அவர் சொல்லுவார்."

பிறகு சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. 'ரா' என் பல் வரைக்கும் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கர்த்தரே, நான் மட்டும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்று வேண்டினேன்.

"ரா… ராம… சே…" அறுந்தது. மறுபடி முதலிலிருந்து வந்தது. "ராம… சே… ஷன். அப்பா."

அதற்கென்று ஒரு முறை உண்டாம், பெயரோடு சர்மா என்று சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். வாத்தியார் திருத்தவில்லை. "போறும் மாமா. அப்பாவுக்குக் கேட்டுடுத்து. அடுத்தது தாத்தா பேர். நிதானமா சொல்லுங்கோ" என்றார்.

கண்ணைத் துடைக்காமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.