அடிக்கடி வெளியே போகிறார்

"ஆபீஸ் கக்கூஸ் சாவி எங்கப்பாவுக்கு வேணும் சார்."

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் படித்துப் பாஸாக வேண்டும் என்பதற்குக்கூட அவர் சத்தியம் வாங்கியதில்லை.

மேனேஜர் பேனாவை மூடினார். பிறகு எழுந்து போய்க் கதவையும் மூடினார்.

இந்த அச்சகத்தில் அப்பா கட்டிங் மாஸ்டர். இருபத்தாறு வருடமாகக் காகிதக் கட்டுகளை ஓரம் வெட்டுகிறார். நான் மாடியில் பிழை திருத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எங்கள் வீட்டில் எல்லோருமே கெட்டிக்காரர்கள். அதற்குச் சம்பளம் வாங்குவது நான் மட்டும்.

போன வருடம் அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய். முப்பத்தேழு நாள் கதிர்வீச்சுக் கரன்ட் வைத்தார்கள். புற்று போய்விட்டது. போகிற போக்கில் பக்கத்து வீட்டுக் குடலுக்கும் கரன்ட் சூடு வைத்துவிட்டுப் போயிற்று. இப்போது ஒரு நாளைக்கு எட்டு தடவை, ஒன்பது தடவை. சில நாள் ரத்தமும் வரும். அவசரம் வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

தொழிலாளர் கழிப்பறை முற்றத்தைத் தாண்டி, காகிதக் கிடங்குக்குப் பின்னால் இருக்கிறது. தொண்ணூற்று நாலு அடி என்று அப்பா எண்ணி வைத்திருக்கிறார். ஆபீஸ் கழிப்பறை மாடிப்படிக்குக் கீழே, அவர் மெஷினிலிருந்து பதினாறு அடி. அது ஆபீஸ் ஆட்களுக்கும் விருந்தாளிகளுக்கும். சாவி மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். அப்பா எடுக்கக் கூடாது.

இரண்டு தடவை தொண்ணூற்று நாலு அடி அவருக்கு எட்டவில்லை. அதிலிருந்து மெஷினுக்கு அடியில் ஒரு பையில் மாற்று பேண்ட் இருக்கிறது. பைண்டிங் பிரிவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் ஓடும்போது, "எக்ஸ்பிரஸ் கிளம்பியாச்சு, வழி விடுங்கப்பா" என்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் ஓடுவார். சிரித்தால் அடக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்களே, அங்கே அப்பா என்ன சொல்கிறார் என்று போன வாரம் ஃபைலை வாங்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் 'மலம் கழிப்பதில் தொந்தரவு இல்லை' என்று எழுதியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன்ப்பா பொய் சொன்னீங்க?"

"பொய் எங்க சொன்னேன்? வெளிய நல்லாப் போகுதான்னு கேட்டாங்க. நல்லாத்தானே போகுது. நிக்குதான்னு அவங்க கேக்கவே இல்லையே பாப்பா."

யோசித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் பிழை இல்லை.

மறுநாள் கரன்ட் வைக்கும் பிரிவு நர்ஸக்காவுக்குப் போன் செய்து எண்ணிக்கையோடு சொன்னேன். அவர் திடுக்கிடவே இல்லை. கரன்ட் வைத்தவர்களில் சிலருக்கு இப்படி ஆவது உண்டு, ரத்தம் வந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும், வைத்தியம் இருக்கிறது என்றார். "ஆனா வாயத் திறந்து சொன்னாத்தானேம்மா எங்களுக்குத் தெரியும்?" என்றும் சொன்னார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமைக்கு முன்னால் மெமோ வந்துவிட்டது. இன்று காலை, பிழை பார்க்க, என் மேஜைக்கே வந்தது. அப்பா ஏற்கெனவே இரண்டு வாங்கியிருக்கிறார். மூன்றாவது மெமோ போர்டில் ஒட்டப்பட்டால் ஆள் வேலையில் இல்லை. அதில் இப்படி இருந்தது: 'மெஷினை விட்டுவிட்டு, அனுமதியின்றி அடிக்கடி வெளியே போகிறார்.'

என் வேலை திருத்துவது. 'வெளியே' என்பதை அடித்துவிட்டு 'வெளிக்கு' என்று போட்டேன். அடுத்து ஒற்று மிகும், அதையும் போட்டேன். 'அனுமதியின்றி அடிக்கடி வெளிக்குப் போகிறார்.' கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இல்லாமல் இங்கே எந்தத் தாளும் அச்சுக்கும் போகாது, போர்டுக்கும் போகாது. இது மேனேஜர் போட்ட விதிதான்.

சாப்பாட்டு இடைவேளையில் சாவி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போய் வந்தேன். அங்கே பூட்டுக்காரர் இருக்கிறார். அதற்குப் பிறகுதான் மேனேஜர் அறைக்கு வந்து சாவியைக் கேட்டேன். கேட்டுப் பார்க்காமல் செய்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நான் திருத்திக் கொண்டுவந்த மெமோவை மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"என்னம்மா இது? இதைப் போய் போர்டுல ஒட்ட முடியுமா?"

"நடக்கிறது அதுதான் சார்."

அப்பாவுக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். புராஸ்டேட்டில் ஆரம்பித்து மாற்று பேண்ட் வரைக்கும், அப்பா எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லாததை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். மேனேஜர் பாதியிலிருந்தே காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அச்சடித்த காலண்டர்தான்.

பாவம் என்றார். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். எல்லோருக்கும் வருவதுதானே சார் என்றேன். கடைசியில் குரலைத் தணித்து, "பழையபடி வெளியேன்னே மாத்திக் குடு. நான் மெமோவ டிராயர்ல போட்டு வெச்சுக்கறேன். ஆனா சாவி முடியாது" என்றார்.

டிராயரில் இருக்கிற மெமோ என்றைக்கும் வெளியே வரலாம். அதற்கும் அடக்கத் தெரியாது.

"நான் கையெழுத்துப் போட்ட பிரதி இதுதான் சார். போர்டுல ஒட்டுறதுன்னா இதையே ஒட்டுங்க" என்று தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

என் பென்சில் பையில் புதுச் சாவி கிடந்தது. சாயங்காலம் அப்பா என்னோடு பேசமாட்டார். இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டார். பேசாமல் இருக்கட்டும். பதினாறு அடி நடந்தால் போதும்.

எழுந்து கதவைத் திறந்தேன்.

"பேசிட்டு இருக்கும்போதே எங்கம்மா போற?"

"வெளியே சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.