விசா தபுதாரர்கள்

என் அப்பா பாபூவின் பெட்டி ஓடும் பட்டைமேல் ஏறி, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போன பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். டொராண்டோவில் பனி, அங்கிருந்து அம்மா வரும் விமானம் தாமதம் என்று பலகையில் போட்டிருந்தார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே எனக்குத் தெம்பில்லை. இரவெல்லாம் கைக்குழந்தை தூங்கவிடவில்லை. "பேபே வர லேட்டாகும் பாபூ," என்றேன். "எவ்வளவு?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, இறங்கி வருகிறவர்களின் வாசலுக்கு எதிரே இருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். அயர்ன் செய்த குர்தா பைஜாமா, தோளில் கம்பளிப் போர்வை, நீல நிறத் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையைக் காலையில் மூன்று முறை அவிழ்த்துக் கட்டியதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

என் பெற்றோர் இந்த நாட்டுக்கு வந்து நான்காவது வருடம் நடக்கிறது. ஒரே விமானத்தில்தான் வந்தார்கள். டொராண்டோவில் இறங்கியதும் பேபே அண்ணன் வீட்டுக்கு பிராம்ப்டனுக்குப் போனாள், பாபூ இன்னொரு விமானம் ஏறி என்னிடம் சர்ரேவுக்கு வந்தார். அழைப்புக் கடிதம் கொடுக்கும்போதே அப்படிப் பிரித்துக்கொண்டோம். பெற்றோரை அழைக்கிற பிள்ளைக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு வாங்கிக் கட்ட வேண்டும் என்று சட்டம். இரண்டு பேரையும் தாங்குகிற வருமானம் அண்ணனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆளுக்கு ஒருவர் என்றால் சரியாக வந்தது. அண்ணி அப்போது இரட்டைக் குழந்தை பெற்றிருந்தாள், அவளுக்கு பேபே வேண்டும். என் கணவர் சுக்சைன் லாரி ஓட்டுகிறார், கிளம்பினால் அமெரிக்காவின் அந்த மூலைவரை போய்விட்டு வருவார். நான் முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். மூத்தவன் ஜோபனையும் அவன் தம்பியையும் பள்ளியில் விட்டுக் கூட்டிவர எனக்கு பாபூ வேண்டும். ஐந்து வருடம் வரை தொடர்ந்து தங்கலாம், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று எல்லாரும் சொன்னோம். வழி பிறப்பதற்கு யாரும் ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் தெருவில் இப்படிப் பாதிப் பேர். பூங்காவில் சீட்டாடுகிற கிழவர்களிடம் போய்க் கேட்டால், ஒருவருடைய மனைவி கல்கரியில், இன்னொருவருடையவள் எட்மண்டனில், ஒருவருடையவள் ஊரிலேயே எருமைகளுடன். தங்களுக்கு 'விசா தபுதாரர் சங்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாபூ சேர்ந்த அன்றைக்கே தலைவர் அவரிடம், "பொண்டாட்டி செத்தாதான் தபுதாரன்னு யாருய்யா சொன்னது? இங்க கவர்மெண்டே முத்திர குத்திக் குடுக்கும்," என்றாராம். அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம் பேபே போனில் வந்தபோது அவளிடம் மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.

தினமும் பேசுவார்கள். பேபேவுக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது, திரையில் பாதி நேரம் அண்ணன் வீட்டுக் கூரைதான் தெரியும். பாபூ கூரையைப் பார்த்துக்கொண்டே, சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நடுவில் ஒரு முறை நேரில் பார்த்தார்கள், கல்கரியில் ஒரு கல்யாணத்தில். குருத்வாராவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெளியே வந்தால் சொந்தக்காரர்கள். மண்டபத்தில் மேளச்சத்தம். மறுநாள் அவரவர் விமானம். அங்கிருந்து திரும்பி வந்த பிறகுதான் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"மிந்தோ, நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாம்மா? யார் வீடா இருந்தாலும் சரி. கீழ் ரூமா இருந்தாலும் சரி."

பார்க்கலாம் பாபூ என்றேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காத மனிதரை என்ன செய்வது?

போன வருடக் கடைசியில் எனக்கு மூன்றாவது பிறந்தாள். நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், கைக்குழந்தையை பாபூவால் தனியாகச் சமாளிக்க முடியாது. அங்கே இரட்டைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், வாசல் பனியை வாரித் தள்ளவும் பிள்ளைகளைக் கூட்டிவரவும் ஓர் ஆண் இருந்தால் நல்லது. மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணன்தான் சொன்னான். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு தப்பும் இல்லை, அவ்வளவு நியாயமான யோசனை. இரண்டு வீடும் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக்கூடாது என்று ஒரே நாளுக்கு இரண்டு டிக்கெட்டும் எடுத்தான். நடுவில் இரண்டு மணி நேரம் வருகிற மாதிரி பார்த்து எடுத்ததைப் பெருமையாகச் சொன்னான். "ரெண்டு பேரும் பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு பாரு." அவன் கெட்டவன் இல்லை. இரவில் டாக்ஸி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அவனுக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, சரி வீர்ஜி என்றேன்.

பேபே வெளியே வந்தபோது பாபூ உள்ளே போக இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள், எனக்குத் திக்கென்றது. நடக்க முடியாமல் இல்லை, மொழி தெரியாதவர்கள் தொலைந்துபோகாமல் இருக்க அண்ணன் கேட்டு வாங்கியது என்று பிறகு தெரிந்தது. பாபூ எழுந்து நின்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, அவர்கள் அப்படிப் பழகியவர்கள் இல்லை. பேபே துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எளச்சிட்டீங்க."

"போன்ல குண்டா தெரிவேன், பாக்வானே."

அவள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாக்கியம் உள்ளவளே என்று பொருள்படும் அந்த ஒரு வார்த்தைதான் எப்போதும்.

இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இனி மனம் விட்டுப் பேசுவார்கள் என்று நான் சற்றுத் தள்ளிப் போய், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது. பேபே சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரியவ பரோட்டா ஓரத்தத் தின்ன மாட்டா, பிச்சிட்டுக் குடுங்க. சின்னவளுக்கு இருட்டுன்னா பயம், பாத்ரூம் லைட்ட அணைக்காதீங்க. மருமக காலைல டீ குடிக்கற வரைக்கும் யார்கிட்டயும் பேச மாட்டா. கோவம்னு நெனச்சிக்காதீங்க, அவ சுபாவம் அப்படி." பாபூ உம் கொட்டிக் கேட்டார். பிறகு அவர் முறை. அடுப்பில் இடதுபக்கம் சீக்கிரம் சூடேறாது, ஜோபன் சாப்பாட்டு டப்பாவைப் பள்ளியிலேயே மறந்துவிட்டு வருவான், மிந்தோ வேலையிலிருந்து வந்தால் முதலில் அரை மணி நேரம் படுக்கவிடு, அதற்கப்புறம் குழந்தையைக் கொடு.

எங்கள் இல்லத்தில் ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் இப்படித்தான் ஒப்படைப்போம். மூன்றாம் அறைக்காரர் மாத்திரையைத் துப்புகிறார், ஐந்தாம் அறை அம்மாள் மகனைத் தேடுகிறாள் என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, போகிறவர் போவார், வருகிறவர் வருவார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்தது கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் பெற்றோரை எப்போது இந்த வேலையில் சேர்த்தேன் என்று இருந்தது.

சொல்லவேண்டியதெல்லாம் தீர்ந்தது. பேபே காலணியைக் கழற்றினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. பாபூ குனிந்து பார்த்தார், தன் கைப்பையை அவள் கால் வைத்துக்கொள்ள முன்னால் நகர்த்திவைத்தார். காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். முதலில் தலை முன்னால் ஆடியது, பிறகு பக்கவாட்டில் சரிந்து பாபூவின் தோளில் நின்றது. விழித்திருந்தால் நாலு பேர் நடமாடும் இடத்தில் இதைச் செய்யவே மாட்டாள். பாபூ சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. தோளில் கிடந்த போர்வையை மெல்ல இழுத்து அவளுக்கும் தனக்குமாகப் போர்த்திவிட்டு, அசையாமல் உட்கார்ந்தார்.

அண்ணன் போனில் வந்தான். பாபூ உள்ளே போய்விட்டாரா, அங்கே பத்திரமாக ஏற்றிவிட்டாயா, அவரை அழைத்துவர நான் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல் என்றான். நாளைக் காலை இரட்டைகளைப் பள்ளியில் விட ஆள் வேண்டும் என்பதையும் ஒரு தடவை சொன்னான். இதோ என்று வைத்துவிட்டேன். பலகையில் டொராண்டோவுக்கு நேராகக் கடைசி அழைப்பு என்று மின்னிக்கொண்டிருந்தது. நான் போய் அவரைத் தொட்டு எழச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். பாதுகாப்புச் சோதனை வரிசைவரை கூடவே போகலாம். இப்போதே ஓடினால் பிடித்துவிடலாம். கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். பயமாகவும் இருந்தது, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, எங்கள் கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் பையன்களை என்ன சொல்லி அனுப்புவது என்று ஒன்றும் தெரியவில்லை. அசதியில் அந்தப் பயம்கூட எங்கோ தூரத்தில் யாருக்கோ வந்தது போல் இருந்தது.

பாபூ என்னைப் பார்த்தார். தோளை ஆட்டாமல் கழுத்தை மட்டும் திருப்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மிந்தோ, நேரம் ஆச்சா?"

"இன்னும் இருக்கு பாபூ."

அவர் போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு கையைப் பழையபடி போர்வைக்குள் விட்டுக்கொண்டார்.